இரண்டும் இடதுகால்

ஆவாரமேட்டில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கால்மணி நேரம் கழித்து, ஷூ கம்பெனியின் குழாயடியில், யார் முதலில் கை கழுவுவது என்று சூப்பர்வைசர் ஜெயசீலனும் கூட்டிப் பெருக்குகிற கோதண்டனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றபோது. இடித்த தோள் இடித்தபடியே நின்றுவிட்டது. தோளைத் தொடர்ந்து முழங்கையும், முழங்கையைத் தொடர்ந்து இடுப்பும் தொடையும், நடுவில் இருந்த சட்டைத் துணியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஒன்றாகிப் போயின. சோப்புப் போட்டார்கள், தேங்காய் எண்ணெய் விட்டார்கள், கோணலாக ஒட்டிய ஷூவின் அடியைக் கழற்றுகிற கரைசலைக்கூட ஒரு புத்திசாலி டப்பாவோடு தூக்கிக்கொண்டு வந்தான். பெரியாஸ்பத்திரி டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒட்டல, வளந்திருக்குது. கத்தி வெச்சா ரெண்டு பேருமே போயிடுவாங்க," என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார். அப்போது பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒருத்தி, தான் மகளிர் கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில் கண்ணாடித் துண்டின் மேல் இதே மாதிரி ஒன்றைப் பார்த்ததாகவும், அதைக் காட்டிய லேப் அக்காவைக் கூப்பிட்டால் ஏதாவது தெரியவரும் என்றும் சொன்னாள்.

அந்த லேப் அக்காதான் குமுதவல்லி. முப்பத்து நாலு வயது. பன்னிரண்டு வருஷமாக அவளுடைய முக்கியமான வேலை, ஆய்வகத்தின் ஜன்னலோரம் இருக்கிற இரண்டு கண்ணாடி ஜாடிகளைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது. வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவைத்து இரண்டு நாள் விட்ட தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பரமீசியங்கள், ஒரே ஒரு செல்லால் ஆன உயிர்கள், செருப்பின் அடி மாதிரி உருவம், உடம்பெல்லாம் துடுப்புப் போடுகிற மயிரிழைகள். ஒரு சொட்டு எடுத்து, அவை ஓடாமல் இருப்பதற்குப் பஞ்சு இழை இரண்டு போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காத்திருந்தால், ஒன்றின் இடுப்பு மெல்ல ஒடுங்கும்; முன்பாதிக்கு ஒரு பின்பாதி முளைக்கும், பின்பாதிக்கு ஒரு முன்பாதி முளைக்கும்; நூலளவு ஒட்டியிருப்பதும் அறுந்துபோனால் ஒன்று இரண்டாகிவிடும். தாய் எங்கே என்று தேடினால் தாய் இல்லை, செத்த உடம்பும் இல்லை, இரண்டு பிள்ளைகள்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் பிள்ளையில்லாத குமுதவல்லி அதைத் தினமும் பார்த்தாள், தினமும் கொஞ்சம் பொறாமைப்பட்டாள்.

ஒரு வருஷம் கல்லூரியில் பொருட்காட்சி வைத்து ஊர்க்காரர்களை உள்ளே விட்டார்கள். ஷூ ஊர்க்காரர்கள் மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்ப்பார்கள்? கண்ணை வைத்த ஒவ்வொருவரும் அது எந்தக் கால், எத்தனையாம் நம்பர் என்றுதான் பார்த்தார்கள். குமுதவல்லியின் மாமியார் பவுனம்மாளும் வரிசையில் நின்று பார்த்தாள். கம்பெனியில் ஜோடி சேர்க்கிற மேஜையில் இருபத்தாறு வருஷம் நின்றவள். மலையாகக் குவிந்து வருகிற ஷூக்களில் தோலின் நிறமும் தையலின் நெருக்கமும் பொருந்துகிற இடதையும் வலதையும் கண் மூடித் திறப்பதற்குள் சேர்த்துப் பெட்டியில் போடுவாள். ஒரு பரமீசியம் இரண்டாகப் பிரிகிறவரைக்கும் அவள் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்ததும், "ரெண்டும் இடதுகால்டீ. ஜோடி சேராது. ரிஜெக்ட்," என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பவுனம்மாளின் தீர்ப்பு அவள் வீட்டிலும் அப்படித்தான் விழும். மகன் தாமோதரனுக்குப் பிள்ளை வேண்டும், மருமகளுக்குப் பிறக்கவில்லை, ஆகவே இன்னொரு பெண் வேண்டும் என்று அந்தப் பங்குனியில் அவள் முடிவு செய்திருந்தாள். நரியம்பாறையில் ஒரு பெண் இருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. "நீ கொஞ்ச நாள் உங்க அம்மா வூட்ல போய் இரு," என்று குமுதவல்லியிடம் சொல்லியாயிற்று. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்பது சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். தாமோதரன் நல்லவன், தோல் வெட்டுகிறவன், அளவு தப்பாத கை; ஆனால் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, கேட்காததற்கு அவன் பதில் சொல்வதும் இல்லை.

இப்படியொரு நெஞ்சுப் பாரத்தோடுதான் குமுதவல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போய், ஜெயசீலனும் கோதண்டனும் சேர்ந்திருந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். தோல் தோலோடு கலந்த கோட்டில் ஏதோ மிக மெல்லியதாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை, அடையாளம்தான் தெரிந்தது. எட்டு நாள் பட்டினி போட்டு இந்த ஜாடியில் ஒரு சொட்டு, அந்த ஜாடியில் ஒரு சொட்டு எடுத்துக் கலந்தால் பரமீசியங்கள் செய்வது இதைத்தான்.

"ஒண்ணும் பண்ணாதீங்க சார், உட்டுடுங்க," என்றாள். "உள்ள கீற கரு ரெண்டாவும். பாதி அங்க போவும், அங்க கீற பாதி இங்க வரும். அப்புறம் தானா பிரிஞ்சுடும். அதுங்களுக்கு அரை நாள் ஆவும். இவங்க பெரிய உடம்பு, ஒரு நாள் வெச்சுக்கோங்க."

"அப்போ கொழந்த பொறக்குமா?" என்று கேட்டான் கோதண்டன், பயந்துபோய்.

"பொறக்காதுண்ணா. இதுல கொழந்த கெடையாது. ரெண்டு சேரும், ரெண்டாத்தான் பிரியும். ஆனா பிரியறது பழைய ரெண்டு இல்ல."

மறுநாள் அதே சாப்பாட்டு மணிக்கு இருவரும் பிரிந்தார்கள். ஜெயசீலன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இல்லாத விளக்குமாற்றுக் காய்ப்பைத் தேடினார். கோதண்டன் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே, ஜெயசீலனைப் போலவே, மேலதிகாரி கூப்பிடப் போகிறார் என்று பதறிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றான். அதற்கப்புறம் கம்பெனியில் குழாய் இரண்டானது.

சனிக்கிழமைக்குள் ஊரில் ஒன்பது ஜோடி, அடுத்த வாரம் முப்பது. எதையும் இரண்டு நாளில் பழகிக்கொள்கிற ஊர் அது; தோல் பதனிடுகிற ஷெட்டு நாற்றத்தையே பழகிக்கொண்டவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம். பஸ் கண்டக்டர்கள் ஒட்டினவர்களுக்கு மூன்று பேர் சீட்டை ஒதுக்கினார்கள். தையல்காரர் ஒருவர் ஒரே முதுகும் இரண்டு கழுத்துமாகச் சட்டை தைத்து வாசலில் தொங்கவிட்டார். கோயிலில் குருக்கள் ஒரே தட்டுக்கு இரண்டு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார்; ஒட்டினவர்களில் ஒருவர் மட்டும் தொழ வேண்டியவராக இருந்தால் மற்றவர் பேசாமல் கூட நின்றால் போதும் என்று ஜமாத்தில் பேசி முடித்தார்கள், அப்படிக் கூட நின்ற வாத்தியார் ஒருவர் அவ்வளவு நிம்மதியாக வேறெங்கும் நின்றதில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏட்டு ஆதிமூலம் கோழி திருடினவனைப் பிடிக்கப் போய் அவனோடேயே ஒட்டிக்கொண்டதில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது. திருடனை உள்ளே போட்டால் ஏட்டும் உள்ளே, ஏட்டை வெளியே விட்டால் திருடனும் வெளியே. கடைசியில் இன்ஸ்பெக்டர் இருவரையும் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். கோழிப் பிரியாணிதான்.

ஒரே தெரு, ஒரே தொழில், ஒரே குணம் என்று இருந்தவர்கள் ஒட்டவே இல்லை. ஒரு ஜாடியில் பெருகினவை தங்களுக்குள் ஒட்டாது, வேறு ஜாடியிலிருந்துதான் வர வேண்டும் என்று குமுதவல்லி விளக்கினாள். அண்ணன் தம்பிகள் ஒட்டவில்லை. புருஷன் பெண்டாட்டிகளில் ஒரு ஜோடிகூட ஒட்டவில்லை. ஒரே சோற்றையும் ஒரே சண்டையையும் தின்று தின்று ஒரே ஜாடியாகிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒட்டினவர்கள் எல்லாம், எதிரெதிரே நின்றும் ஒருவரையொருவர் பார்க்காதவர்கள். பிரிந்த பிறகு யாரும் மகானாகிவிடவில்லை. ஜெயசீலன் திட்டத்தான் செய்தார், ஆனால் திட்டும்போது தன் முதுகும் சுருங்குவதால் சுருக்கமாகத் திட்டினார். எல்லோர் முகத்திலும் குளித்துவிட்டு வந்த தெளிவு இருந்தது.

பவுனம்மாள் இதையெல்லாம் கேட்டாள், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆணும் பெண்ணும் ஒரு நாள் முழுக்க ஒன்றாக ஒட்டிக் கிடந்தால் பிள்ளை பிறக்காமல் எங்கே போகும் என்பது அவள் கணக்கு. புருஷன் பெண்டாட்டி ஒட்டவில்லையென்றால் நிற்கத் தெரியாமல் நின்றிருப்பார்கள். நரியம்பாறைக்குப் போவதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, ஜாடிக்குத் தண்ணீர் மாற்றக் கல்லூரிக்குப் போன குமுதவல்லியின் பின்னாலேயே மகனையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, இது அப்படி இல்ல. இதுல புள்ள வராதுன்னு ஊருக்கே சொல்லிட்டேன்."

"உனக்கு இன்னா தெரியும்? கடைசியா ஒரு தபா பாத்துடலாம். நாளைக்கு நான் ஒருத்திய பாக்கப் போறேன்னா, உனக்கு ஒரு சான்ஸ் குடுக்காம போனேன்னு இருக்கக் கூடாது."

அதைக் கேட்டுக் குமுதவல்லிக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, அழாமல் நின்றாள். பவுனம்மாள் இருவரையும் மைக்ராஸ்கோப் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். இருபத்தாறு வருஷக் கை சும்மா இருக்குமா? மகனை இடது, மருமகளை வலது என்று வைத்தாள். குதிகாலும் குதிகாலும் ஒரே கோட்டில் வரும்படி காலால் தட்டினாள். உள்பக்கம் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தோளைத் திருப்பினாள். இரண்டடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நூல் இடைவெளி இருப்பதாகக் குமுதவல்லியின் வலதுபக்கம் வந்து, தன் இடது தோளை முட்டுக் கொடுத்து, மகன் பக்கமாக அழுத்தித் தள்ளினாள். தாமோதரன் ஒட்டவில்லை. அவன் தடுமாறி ஸ்டூலின் மேல் சாய்ந்தான். பவுனம்மாள் தோளை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அடியே, நவுருடீ."

"நான் எங்க அத்தை நவுர்றது," என்றாள் குமுதவல்லி. கடிகாரத்தில் மணி பதினொன்று.

அன்று பகல் முழுவதும் பவுனம்மாள் திட்டினாள். ஜாடியைத் திட்டினாள், கல்லூரியைத் திட்டினாள், தன் தோளைத் திட்டினாள். வீட்டுக்கு வருகிற வழியில் தெருவே நின்று பார்த்தது, பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனது. எதிர்வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். பவுனம்மாள் தன் வலது கையால் சாப்பிட்டாள், வலது கை ஒட்டிப்போன குமுதவல்லிக்குத் தாமோதரன் ஊட்டிவிட்டான். பெண் பார்ப்பதைத் தள்ளிப் போடலாமா என்று அவன் மெதுவாக ஆரம்பித்தான். "வாக்குக் குடுத்தாச்சு. ஒட்டினா இன்னா, வாய் ஒட்டலையே," என்றாள் பவுனம்மாள். சாயங்காலம் ஆக ஆகத் திட்டு குறைந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் நின்றே போனது.

விடிந்தபோது குமுதவல்லிக்குத் தான் நுழைந்தேயிராத ஒரு வீட்டின் ஈரச்சுவர் வாசனை தெரிந்தது. பத்தொன்பது வயதில் பவுனம்மாள் அந்த வீட்டுக்குள் எடுத்து வைத்த வலது கால் தன் கால்தான் என்று தெரிந்தது. அன்றைக்கே, அந்த வீட்டின் முதல் பெண்டாட்டி கன்னியம்மா, ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாதவள், தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததை மாட்டுவண்டியிலிருந்து தான் பார்த்ததும், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டதும் தெரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் வந்த பயம், எனக்கும் ஒரு பெட்டி காத்திருக்கிறது என்ற பயம், தாமோதரன் பிறந்து அழுத நிமிஷம்வரைக்கும் இறங்காத பயம், பிறகு அது இறங்கிய இடத்தில் கல்லாக ஏறிக்கொண்ட அதிகாரம், எல்லாம் பாதிக்குப் பாதி அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தன. மாமியாரை அவள் பதினோரு வருஷமாக வெறுத்திருந்தாள். இப்போது வெறுக்க முடியவில்லை, வெறுக்க ஆரம்பித்தால் அது தன்மேலேயே விழுந்தது.

பவுனம்மாளோ நரியம்பாறை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள். அவள் கை தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாதம் மாதம் நாள் தள்ளிப்போகிறதா என்று எண்ணுவதும், இரண்டு நாள் தள்ளினால் யாரிடமும் சொல்லாமல் மாடிப்படியை மெதுவாக ஏறுவதும், மூன்றாம் நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதும் அவளுக்குள் வந்திருந்தன. வளைகாப்பு வீடுகளில் மற்றவர்கள் வளையல் போடப் போகும்போது, "நீ போய்க் கலந்த சாதம் கட்டு," என்று சமையல்கட்டுக்கு அனுப்பிவைக்கிற ஒரு குரல் வந்திருந்தது. அது தன் குரல் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கன்னியம்மா திரும்பிப் போன ஊரான புங்கந்தாங்கல் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள், கழுத்து திரும்பவில்லை.

நரியம்பாறையில் பெண்வீட்டார் விவரம் தெரிந்தவர்கள், நாற்காலியை எடுத்துவிட்டு நீளப் பெஞ்சாகப் போட்டிருந்தார்கள். பெண்ணின் பெயர் வினோதினி, இருபத்து மூன்று வயது. கேசரியும் காபியும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கப்புகள் ஒன்றோடு ஒன்று உரசிச் சத்தம் போட்டன. தட்டு நடுங்குவதை மறைக்க அவள் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்ததை மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சுவர்க்கடிகாரம் பதினொன்று அடித்தது. தொடை பிரிந்தது, இடுப்பு பிரிந்தது, முழங்கை பிரிந்தது, கடைசியாகத் தோள், ஈரத்துணியை இழுத்தாற்போல ஒரு சத்தத்தோடு விட்டது.

"நம்ம வூட்ல வந்து பிரிஞ்சிருக்காங்க, நல்லதுக்குத்தான்," என்றார் பெண்ணின் அப்பா. "மாப்ள இன்னா சொல்றாரு?"

எல்லோரும் பவுனம்மாளைப் பார்த்தார்கள், ஏனென்றால் தாமோதரனைக் கேட்டால் பதில் அங்கிருந்துதான் வரும். ஆனால் பதில், குமுதவல்லியிடமிருந்து, அச்சு அசலாகப் பவுனம்மாளின் குரலில் வந்தது.

"அவரையே கேளுங்க. அவருக்கும் வாய் கீது."

தாமோதரன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், எந்தப் பக்கம் எது என்று குழம்பினான். பிறகு எழுந்து நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவன் போல, "எனக்கு இதுல இஷ்டமில்லைங்க. மொதல்லருந்தே இல்ல. யாரும் கேக்கல, நானும் சொல்லல. தப்பு என்னுதுதான்," என்று சொன்னான். பேச்சில் அளவு தப்பியிருந்தால் தப்பியிருக்கட்டும், தைரியமாகச் சொல்லிவிட்டான்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. பவுனம்மாள் எழுந்து அவர் முன்னால் போய்க் கைகூப்பினாள். அவள் யாரையும் கைகூப்பி மகன்கூடப் பார்த்ததில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நான் இப்படித்தான் ஒரு வூட்டுக்குள்ள வந்தேன். வந்த அன்னிலருந்து புள்ள பொறக்குற வரைக்கும் நிம்மதியா ஒரு வாய் சோறு துன்னல. உங்க பொண்ணு கை நடுங்குது பாருங்க. அதுக்கு மனசு கேக்கற எடத்துல குடுங்க." வினோதினியின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தப் பெண் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. அதைக் கேட்ட அவளுடைய அப்பா, வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போகலாம் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் நிறைய இருந்தும் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். குமுதவல்லிக்கு வலதுபக்கம் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது. பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்பது நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது, ஆனால் அந்தக் கேள்வி இப்போது அவளை எங்கேயும் அனுப்பவில்லை, மடியில் சும்மா உட்கார்ந்திருந்தது. புங்கந்தாங்கல் வருவதற்கு முன்னால் பவுனம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"கன்னியம்மா உயிரோடதான் கீறா. ஏரிக்கரை மேல ஓட்டு வூடு. நாப்பது வருஷமா இந்த ஊருக்காரங்க யாரப் பாத்தாலும் விசாரிச்சுக்குவேன். ஒரு தபாகூட எறங்கல."

"தெரியும் அத்தை."

"நீ முன்ன போ. எனக்குக் கால் வரல."

"எனக்கும்தான் வரல. சேந்தே போலாம் வாங்க."

வெயிலில் மூன்று பேரும் கரைமேல் நடந்தார்கள். ஓட்டு வீட்டு வாசலில் எழுபது வயதுக்காரி ஒருத்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். பவுனம்மாளின் முகத்தைப் பார்த்தாள். புடைத்த கை நின்றது. வந்தது யார் என்று புரிந்துவிட்டது. தாமோதரனைப் பார்த்தாள், அந்த மூக்கும் நெற்றியும் யாருடையவை என்பது அவளுக்குத் தெரியாதா. பிறகு கண்ணை நகர்த்தி, பவுனம்மாளின் பக்கத்தில் நின்றவளைக் காட்டிக் கேட்டாள்.

"இந்தப் பொண்ணு?"

"என் மருமவ," என்றாள் பவுனம்மாள். குமுதவல்லியின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, இன்னொரு முறை சொன்னாள். "இவ ஒருத்திதாங்க்கா மருமவ."

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குமுதவல்லியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "நாலு பேருக்கு ஒலை வெக்கறேன்."